தொகுப்பு வீட்டின் கூரைக்கு யார் பொறுப்பு?

2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் வெளியிட்ட ஓர் அறிவிப்பு, பெரிய விவாதம் எதையும் எழுப்பாமல் கடந்து போனது. அரசின் பல்வேறு திட்டங்களின் கீழ் 2000-01ஆம் ஆண்டுக்கு முன்பு ஊரகப் பகுதிகளில் கட்டப்பட்டுப் பழுதடைந்த வீடுகளில் 2.5 இலட்சம் வீடுகள் 2,000 கோடி ரூபாய்ச் செலவில் சீரமைக்கப்படும் என்பதே அந்த அறிவிப்பு. புதிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுமே பேசிப் பழகிய நமது அரசியலில், கட்டிக் கொடுத்த வீடு என்ன ஆயிற்று என்று அரசே திரும்பிப் பார்த்தது அரிய நிகழ்வு. அந்த அளவில் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தொகை அரசு மனமிரங்கி அளிக்கும் நலத்திட்ட உதவியா, பல ஆண்டுகளாக நிலுவையில் நிற்கும் கடனா என்ற கேள்வியை நாம் போதிய அழுத்தத்துடன் எழுப்பவில்லை.

அந்த வீடுகளில் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பதை அறியப் புள்ளிவிவரம் தேவையில்லை. திட்டங்களின் வரலாறே போதும். தாட்கோ நிறுவனம் 1974இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பணியே ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தருவதுதான். 1985-86இல் ஒன்றிய அரசு தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1993-94இல்தான் அது பிற ஏழைகளுக்கும் விரிக்கப்பட்டது. ஆகவே 2000க்கு முந்தைய ‘தொகுப்பு வீடு’ என்று சொன்னால், பெரும்பாலான ஊர்களில் அது சேரியைக் குறிக்கும் சொல்லே. 1997 முதல் எழுந்த சமத்துவபுரங்களிலும் நூறு வீடுகளில் நாற்பது நம் மக்களுக்கானவை.

அந்த வீடுகளின் இன்றைய நிலையை மாணவர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். உட்புறக் கூரையில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் விலா எலும்புகளைப் போல் வெளியே தெரியும். மேலே தார்ப்பாய் விரித்து, அதன் மீது செங்கல்லும் பழைய டயரும் வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் குழந்தைகளை வீட்டுக்குள் படுக்க வைக்க அஞ்சித் திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ படுக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போதிய கனத்தில் இல்லாவிட்டால், சிமெண்ட் குறைத்துக் கலக்கப்பட்டால், உப்பு கலந்த மணல் சேர்ந்தால் ஈரம் உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். ஆகவே குடியிருப்பவர் பராமரிக்கவில்லை என்ற பழிச்சொல் எளிதாக ஏற்கத் தக்கதன்று. கட்டிய நாளிலேயே விதைக்கப்பட்ட குறை இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது. பயனாளியே வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஒப்பந்ததாரர் நுழையக் கூடாது என்பது இந்திரா நினைவுத் திட்டத்தின் விதி. சேரியில் அந்த விதி எப்படிக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை அங்குள்ள முதியவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். கட்டியவர் யார், மேற்பார்வையிட்டவர் யார், அளவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டவர் யார் என்று இன்று யாரும் கேட்பதில்லை.

கூரை விழும் நிலையில் உள்ள ஒரு குடும்பம் புதிய வீடு கேட்டால் என்ன நடக்கிறது? 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீடு வழங்கும் திட்டம், 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி வீடற்றவர்களையும், மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இரண்டு அறைகளுக்கு மிகாத வீட்டில் வாழ்பவர்களையும் தேடியது. 2030க்குள் எட்டு இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்குடன் வந்த மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசைகளை மாற்றுவதற்கானது. இரண்டிலும் தொகுப்பு வீட்டுக்காரருக்கு இடமில்லை. பதிவேட்டில் அவர் கான்கிரீட் வீடு உள்ளவர். ஏற்கெனவே ‘பயன் பெற்றவர்’. அந்தக் கூரையின் கீழ் அவர் படுப்பதில்லை என்பதைப் பதிவு செய்ய எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. இந்திரா நினைவுத் திட்டத்தில் 1999-2000 முதல் நிதியில் இருபது விழுக்காடு வரை பழைய வீடுகளை மேம்படுத்த ஒதுக்க வழியிருந்தது. ஆனால் அந்த உதவியும் மண், ஓலை வீடுகளுக்கே உரியது. தொகை 2004இல் 12,500 ரூபாய், 2008இல் 15,000 ரூபாய். சிறிய தொகைதான், ஆனாலும் வீடு என்பது ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருள் அன்று என்ற எண்ணம் அதில் இருந்தது. அடுத்து வந்த திட்டம் அதையும் கைவிட்டது.

இப்போது மாநிலத்தின் கணக்கைப் பார்ப்போம். 2,000 கோடியை 2.5 இலட்சம் வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 80,000 ரூபாய். ஓடு மாற்றவும், பூச்சு வேலைக்கும், கதவு சன்னலுக்கும் இது போதலாம். தளத்தையே இடித்துவிட்டுப் புதிதாகச் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போட வேண்டிய வீட்டுக்குப் போதாது. இதை அரசும் உணர்ந்திருக்க வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில், பழுதுபார்க்கவே இயலாத 25,000 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்ட 600 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதாவது வீடொன்றுக்கு 2.40 இலட்சம். கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.50 இலட்சம். குடிசையில் வாழும் குடும்பத்துக்கு 3.50 இலட்சம் கிடைப்பதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. அந்தத் தொகையும் இன்றைய கட்டுமானப் பொருள் விலையில் குறைவே. ஆனால் அரசு கட்டிக் கொடுத்த வீடு இடிந்ததால் தெருவுக்கு வந்தவருக்கு 1.10 இலட்சம் குறைவாகத் தருவதற்கு என்ன நியாயம்? முன்பே ஒருமுறை பெற்றுக்கொண்டாய் என்ற கணக்கு அதன் அடியில் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆண்டு வரம்பும் ஆராயத் தக்கது. 2001க்குப் பிறகு, வீடொன்றுக்கு 25,000, 35,000 ரூபாய் ஒன்றிய உதவித் தொகையில் கட்டப்பட்டவையும் இன்று இருபது ஆண்டைத் தொட்டுவிட்டன. ஒரே தெருவில் ஒரே விதமாகக் காரை உதிரும் இரண்டு வீடுகளில், பணி ஆணையின் தேதியை வைத்து ஒன்றைச் சேர்த்து மற்றொன்றை விலக்குவது பகுத்தறிவுக்கு உட்பட்ட வகைப்பாடு ஆகாது. வீட்டின் நிலையே அளவுகோலாக இருக்க வேண்டும்.

பணம் ஒதுக்கப்பட்ட பிறகும் அது வீடு வந்து சேர்வதில் தடைகள் உள்ளன. முதல் தடை பட்டா. என்னிடம் வந்த ஒரு விண்ணப்பத்தை அடையாளம் தவிர்த்துச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு பெண். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். வீடு மாமனார் பெயரில் ஒதுக்கப்பட்டது. மாமனாரும் இறந்தார், கணவரும் இறந்தார், பட்டா மாறவில்லை. ஒன்றிய அலுவலகம் பட்டா கேட்டது. வட்டாட்சியர் அலுவலகம் வாரிசுச் சான்று கேட்டது. வாரிசுச் சான்றுக்கு மாமனாரின் இறப்புச் சான்று வேண்டும். அந்த இறப்பு பதிவு செய்யப்படவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலம் எடுத்து வழங்கிய ஒப்படைப் பட்டா, கிராமக் கணக்கில் ஏற்றப்படவில்லை என்பது இறுதியில்தான் தெரிய வந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆதிதிராவிடர் நலத்துறை கையகப்படுத்தி வழங்கிய மனைகளில் இது புதிய கதை அன்று. அரசு தன் கணக்கில் ஏற்றத் தவறிய மனைக்கு, அரசே பட்டா எங்கே என்று கேட்டு நிதியை மறுக்கிறது. அந்த வீட்டைக் கட்டியதற்கான ஆவணம் அதே ஒன்றிய அலுவலகத்தின் பழைய கோப்பறையில் இருக்க வேண்டியது. அதைத் தேடும் சுமை ஒரு கூலித் தொழிலாளியின் தலையில் ஏன் விழ வேண்டும்?

இரண்டாவது தடை பணம் வரும் முறை. ஊரக வீட்டுத் திட்டங்களில் வேலை நடந்து, பொறியாளர் அளந்து எழுதிய பிறகே தவணை வங்கிக் கணக்குக்கு வரும். முறைகேட்டைத் தடுக்க இது தேவை என்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் முதல் வண்டி மணலுக்கும் கொத்தனாரின் முதல் வாரக் கூலிக்கும் கையில் பணம் இல்லாதவர் யாரிடம் போவார்? நுண்கடன் நிறுவனத்திடமோ, தான் வேலை செய்யும் நிலத்தின் உரிமையாளரிடமோதான். ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளரிடம் வாங்கிய முன்பணம் எத்தகைய உறவாக மாறும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன்பே முதல் தவணையை விடுவிப்பது இந்தத் திட்டத்தின் உயிர்நாடியான கோரிக்கையாக இருக்க வேண்டும்.

ஊராட்சியின் பங்கு என்ன? அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க பொருள்களுள் ஒன்றாக ஊரக வீட்டு வசதியைப் பட்டியலிடுகிறது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்லும்போது சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், இடுகாடு, சுடுகாடு என்று அடுக்குகிறது. வீடு அதில் இல்லை. ஆகவே ஊராட்சி விண்ணப்பத்தை வாங்கி மேலே அனுப்பும் அஞ்சலகமாகவே நிற்கிறது. பழுது சிறியதா பெரியதா என்பது ஒன்றியப் பொறியாளரின் பேனாவில் இருக்கிறது. போதாக்குறைக்கு 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்களின் கைக்கு நிர்வாகம் போனது. திட்டம் செயலுக்கு வந்த அதே காலத்தில், தனி ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த தலித் தலைவர்களின் கையொப்பத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. நாற்காலியில் உட்காரவே போராடியவர்கள் அவர்களில் பலர்.

நீதிமன்றம் செல்லலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். குறிப்பிட்ட தொகையை எனக்குத் தா என்று ஒரு திட்டத்தின் கீழ் நீதிப்பேராணை பெறுவது கடினம். கொள்கை, நிதிநிலை என்று அரசு பதில் சொல்லும். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலித்துக் காரணம் காட்டி ஆணையிடச் சொல்லவும், ஒரே நிலையில் உள்ளவர்களை வெவ்வேறாக நடத்தியதை 14ஆம் உறுப்பின் கீழ் எதிர்க்கவும் வழி உண்டு. பட்டியல் சாதியினருக்கு வீட்டுமனை வழங்க நிலம் எடுத்தது தொடர்பான செமேலி சிங் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், உறைவிட உரிமை 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றும், உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று, பாதுகாப்பான கட்டமைப்பும் போதிய இடமும் தூய்மையான சூழலும் சேர்ந்தது என்றும் விளக்கியது. அந்தத் தீர்ப்பை நிலம் பெறும் வழக்குகளில் பயன்படுத்தும் நாம், வீடு இடியும் வழக்குகளில் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் குடிசை மாற்று வாரியத்தின் குடியிருப்புத் தொகுதி ஒன்றில் 24 வீடுகள் ஒரே நேரத்தில் சரிந்தன. முன்கூட்டியே வெளியேறியதால் மக்கள் உயிர் தப்பினர். மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் அது செய்தி. சிற்றூரில் வீடுகள் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு மழைக்கும் விழுகின்றன. அதனால் அவை கணக்கில் வருவதில்லை. அந்தக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

2024இல் நிறைவேறிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் இங்கே உதவும். பசுமை வீடுகள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு 29 விழுக்காடு என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதேபோல் பழுதுபார்ப்பு நிதியில் சேரிக்கு எவ்வளவு சென்றது என்பதை ஒன்றியவாரியாக வெளியிடச் செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று செய்திகளைக் கேட்டால் போதும்: உங்கள் ஊராட்சியில் 2001க்கு முன் கட்டப்பட்ட அரசு வீடுகளின் முழுப் பட்டியல், அவற்றில் பழுது என்று மதிப்பிடப்பட்டவை, விலக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட காரணம். ஒவ்வொரு தெருவிலும் கைப்பேசியால் கூரைகளைத் தேதியுடன் படமெடுத்து அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட வீடுகளின் பெயரைக் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, கையொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். நவம்பர் 1ஆம் தேதி கிராம சபை கூடும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். ஆகஸ்டு 15 கூட்டத்திலேயே இது நடந்தாக வேண்டும்.