412 பேர் பார்த்த ஒரு படம்!



கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஓ..." என்று கத்தியிருக்கிறீர்களா? உங்கள் குரலே திரும்பி வரும். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அறிய, விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்.

கடலில் செல்லும் கப்பலிலிருந்து வலுவான ஒலி அலைகளைக் கீழே அனுப்புவார்கள். அவை கடலுக்கு அடியில் உள்ள பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலிக்கும். அந்த எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைப் பதிவு செய்து, கம்ப்யூட்டர் ஒரு படமாக்கித் தரும். அதுதான் நில அதிர்வுப் படம்.

பாறை எங்கே உடைந்து விலகியிருக்கிறது, உப்புப் பாறை எங்கே இருக்கிறது என்றெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து வல்லுநர்கள் கோடு போடுவார்கள். கோடு தப்பினால், பெரும் செலவில் தோண்டும் எண்ணெய்க் கிணறு வீண். தோண்டுபவர்களின் உயிருக்கே கூட ஆபத்து!

2007ல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். விடை முன்பே தெரிந்த, செயற்கையாக உருவாக்கிய ஒரே படத்தை நிலவியல் அறிந்த 412 பேரிடம் கொடுத்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான்! மற்றவர்களில் பலர், தாங்கள் படித்துப் பழகியதையே படத்திலும் கண்டார்கள்.

அப்படியானால் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிடலாமா?

2018ல் டி.ஜி.எஸ். என்ற நிறுவனம் அப்படி ஒரு போட்டி வைத்தது. வல்லுநர்கள் விடை குறித்துத் தந்த 4,000 சிறிய படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்த வேண்டும். பிறகு 18,000 புதிய படங்களில், ஒவ்வொரு புள்ளியும் உப்பா, இல்லையா என்று அது சொல்ல வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் கலந்துகொண்டன. பரிசு ஒரு லட்சம் டாலர்!

கம்ப்யூட்டருக்குக் களைப்பு கிடையாது, வேகமோ அதிகம். ஆனால், அது கற்றுக்கொண்டது யாரிடம்? மனிதர்கள் போட்ட கோடுகளிடம்தானே! அந்தக் கோடு தப்பாக இருந்தால், அதே தப்பைக் கம்ப்யூட்டரும் சளைக்காமல் செய்யும்.

வகுப்பில் ஒருவன் கணக்கைத் தப்பாகப் போட, நாற்பது பேர் அழகான கையெழுத்தில் அதைப் பார்த்து எழுதினால் விடை சரியாகிவிடுமா? ஆகாது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பூமிக்கும் அதே சட்டம்தான். உள்ளேயிருந்து பாறையை எடுத்துப் பார்க்கும்போதுதான் விடை உறுதியாகும்.

எனவே செல்லங்களே, கம்ப்யூட்டர் ஒரு விடை சொன்னால், "இதற்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சரிபார்த்தது யார்?" என்று கேளுங்கள். "நான் கண்ணால் பார்த்தேன்" என்று நீங்களே அடித்துச் சொல்லும் முன்பும், இன்னொரு முறை பாருங்கள். பார்ப்பது கண், சரிபார்ப்பதுதான் அறிவு!

அன்புடன்,
ஆசிரியர்