கேளாது முடிந்த காணி வழக்குகள்

முடிந்த வழக்கை மீண்டும் திறக்கலாமா? போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, திரும்பி வந்தபோது தம் காணி நீதிமன்றத் தீர்வையின்படி பிறர் கைக்குப் போயிருக்கக் கண்டவர்கள் கேட்கும் கேள்வி இது. "முடிந்தது முடிந்ததே" என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது எளிது. அது நீதியாகாது என்பதே நமது கருத்து.

வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். நாளை எவர் வந்து மறிப்பாரோ என்று அஞ்சுகின்ற கமக்காரன் கிணறு வெட்டமாட்டான், தென்னை நடமாட்டான். உரித்து உறுதியற்ற காணிக்கு வங்கியும் கடன் கொடாது. இதனாலேயே 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, இறுதித் தீர்வையானது வழக்கில் வந்தவரையும் வராதவரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் என்கின்றது. விடுபட்டுப்போன பங்காளி பொதுவாக நட்டஈடு கேட்கலாமேயன்றிக் காணியைக் கேட்க இயலாது.

இத்துணைக் கடுமைக்கு ஆதாரம் யாது? உரித்துடையோர் அனைவர்க்கும் அறிவித்தாயிற்று என்ற நம்பிக்கையே. காணியில் அறிவித்தல் ஒட்டி, பறையறைந்து, வழக்கைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஊரில் மக்கள் வாழுங்காலத்துக்கு அது பொருந்தும். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் கைக்குழந்தைகளோடு தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஆளற்ற ஊரில் அடித்த பறை யார் செவியில் விழும்? இடிந்த வீட்டின் சுவரில் ஒட்டிய அழைப்பாணையை யார் வாசிப்பர்? ஏனைய வழக்குகளில் ஒருதலையாகப் பெற்ற தீர்வையை நீக்கக் கேட்பதற்கு, அது சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து பதினான்கு நாட்களே உண்டு. முகாமில் கிடந்தவனுக்கு அந்தப் பதினான்கு நாட்கள் எங்கே கிடைத்தன?

சட்டம் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. பாகப்பிரிவினைத் தீர்வையாயினும், நீதி பிறழ்ந்தவிடத்து அதை மீளாய்வு செய்யும் அதிகாரம் தமக்குண்டென்று உயர் நீதிமன்றம் 1965ஆம் ஆண்டில், மரியம் பீபீ எதிர் செய்யது முகம்மது என்ற வழக்கிலே தெளிவுபடுத்திற்று. இழந்த நிலையை முழுதாக மீளளிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழங்குகின்றது. ஆயினும் இந்நிவாரணங்கள் நீதிமன்றத்தின் விருப்புரிமையைப் பொறுத்தவை. விசேட காரணங் காட்ட வேண்டும், தாமதத்துக்கு விளக்கமளிக்க வேண்டும், பணமும் வேண்டும். காணியை இழந்த கமக்காரன் இவற்றுள் எதை எளிதிற் காட்டுவான்?

போரினால் வழக்காட இயலாதவர் உளர் என்பதைப் பாராளுமன்றமும் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டு ஆட்சிக் கணக்கிலிருந்து விலக்க வழிசெய்தது. வழக்குத் தொடர அது கொடுத்த தவணையோ இரண்டே ஆண்டுகள். அதுவும் ஆயுதக் குழுவின் செயல்களால் இடருற்றவர்க்கே. இராணுவ நடவடிக்கையால் ஓடியவனின் இடர் இடரன்றோ? மேலும், அச்சட்டம் ஆட்சிக் காலத்தைப் பற்றியது. கேளாது அளிக்கப்பட்ட தீர்வைகளுக்கு அது மருந்தன்று.

ஆதலின் நாம் கேட்பது இது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தம்மைக் கேளாது பெறப்பட்ட தீர்வையை எதிர்த்து, அதனை வழங்கிய மாவட்ட நீதிமன்றத்திலேயே மனுச்செய்யக் குறித்த காலத்துக்கு மாத்திரம் சட்டம் இடமளிக்க வேண்டும். இடம்பெயர்ந்தமையையும், அறிவித்தல் கிடையாமையையும், காணியில் தமக்குள்ள உரித்தையும் மனுதாரரே காட்டவேண்டும். வழக்கில் தோன்றி வாதாடித் தோற்றவர்க்கு இக்கதவு திறத்தலாகாது. தீர்வையை நம்பிக் காணியை வாங்கித் திருத்தியவரையும் தெருவில் விடலாகாது. நல்லெண்ணத்தோடு நிலத்தைத் திருத்தியவர்க்கு இழப்பீடு உண்டென்பது நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய நெறியே. வெட்டிய கிணற்றுக்கும் கட்டிய வீட்டுக்கும் விலை மதித்துக் கொடுத்தல் இயலாத காரியமன்று.

சட்டம் வருமென்று உரித்தாளரும் வாளாவிருத்தலாகாது. உறுதி தொலைந்தவர் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டும். தம் காணிமீது வழக்குப் பதிவு உண்டோ என்றும் பார்க்க வேண்டும். அறிந்தபின் சுணங்கும் ஒவ்வொரு நாளும் எதிரிக்கே துணையாகும். நம் சட்டத்தரணிகள் இவ்வேழைகளுக்காகச் சிறிது நேரம் ஒதுக்குவார்களாக. இருதிறத்தாரையும் கேட்டு முடித்த வழக்கு முடிந்ததாகவே இருக்கட்டும். ஒருவரைக் கேளாமலே முடித்ததை முடிவென்று நாம் ஒப்பமாட்டோம்.