இலவசமானால் வாக்குத் தவறலாமா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு வாங்காமல் கொடுத்த பொருளில் குற்றம் காண்பது அழகல்ல என்பது அதன் கருத்து. சரிதான். ஆனால், மாட்டைக் கொடுத்தவரே, "பத்து வருஷத்துக்கு இதன் தீனியும் வைத்தியமும் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வருஷம் நடு உழவில் கையை விரித்துவிட்டால்?

லினக்ஸ் உலகத்தில் 2020-ம் ஆண்டு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

கம்ப்யூட்டரை இயக்கும் ஆதார மென்பொருள்களில் ஒன்று லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்தது. யாரும் அதை எடுத்து உபயோகிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். அதோடு வேண்டிய மற்ற மென்பொருள்களையும் சேர்த்து, ஒரே தொகுப்பாகக் கட்டித் தருகிற குழுக்கள் பல. டெபியன், உபுண்டு, பெடோரா எல்லாம் இப்படிப்பட்ட தொகுப்புகளே. அரிசி ஒன்றுதான், சமையற்காரர்கள் வேறு வேறு. ஒரு கைப்பக்குவத்துக்குப் பழகியவர்களுக்கு மற்றொன்று எளிதில் பிடிப்பதில்லை. அதனால்தான் இங்கே ஓயாத சச்சரவு.

டிசம்பர் அறிவிப்பு

அமெரிக்காவின் ரெட் ஹாட் கம்பெனி, தன் லினக்ஸ் தொகுப்புக்குச் சந்தா வசூலிக்கிறது. அதன் மூல நிரலை எடுத்து, அச்சு அசலாக அதே மாதிரி ஆக்கி, இலவசமாகத் தந்து வந்தது சென்டோஸ். 2004-ல் பிறந்த அது, 2014-ல் ரெட் ஹாட்டின் அரவணைப்பிலேயே வந்து சேர்ந்தது. சர்வகலாசாலைகளும் சிறு கம்பெனிகளும் அதை நம்பிச் சர்வர்களை நடத்தின.

சென்டோஸ் 8 வெளிவந்தது 2019 செப்டம்பரில். 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும் என்பது ஏற்பாடு. 2020 டிசம்பர் 8-ந் தேதி திடீரென்று ஓர் அறிவிப்பு: 2021 டிசம்பர் 31-ந் தேதியோடு சென்டோஸ் 8 முடிந்தது! இனி "சென்டோஸ் ஸ்ட்ரீம்" ஒன்றுதான். ரெட் ஹாட் தொகுப்பில் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே தருவது அது. வெந்த சோறு கேட்டு வந்தவர்களுக்கு, உலையில் கொதிப்பதைக் காட்டியது போல இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய சென்டோஸ் 7-க்கு 2024 ஜூன் வரை ஆயுள் குறையவில்லை. பழைய வீட்டிலேயே இருந்தவனுக்கு நிம்மதி. நம்பிக்கையோடு புது வீட்டுக்குக் குடிபோனவன் நடுத்தெருவில்!

திருத்தங்கள் நின்றுபோன சர்வர், தாழ்ப்பாள் இல்லாத வீடு. வேறு தொகுப்புக்கு மாறுவதோ சட்டையை மாற்றுவது போல அல்ல. ஒவ்வொரு நிரலையும் மறுபடி சோதிக்க வேண்டும். இரவு விழிக்க வேண்டும். அமெரிக்காவின் பெர்மி ஆராய்ச்சிக்கூடம் "சயன்டிபிக் லினக்ஸ்" என்ற சொந்தத் தொகுப்பையே நடத்தி வந்தது. சென்டோஸ் 8 இருக்கிறதே என்று நம்பி, இனிப் புதுப் பதிப்பு செய்வதில்லை என்று 2019-ல் அறிவித்தது. பக்கத்து வீட்டுச் சமையலை நம்பித் தன் அடுப்பை அணைத்தவர் கதை இது.

கொடுப்பவர் கட்சி

செய்பவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய மென்பொருளைப் பல வருஷம் பழுது பார்ப்பது சலிப்பூட்டும் வேலை. நன்றி சொல்வோர் குறைவு, ஏசுவோர் அதிகம். காசு கொடுக்கச் சக்தி உள்ள கம்பெனிகளும் இலவசப் பந்தியிலேயே உட்கார்ந்தன. எதிர்ப்பைக் கண்ட ரெட் ஹாட், 16 இயந்திரங்கள் வரை தன் தொகுப்பை இலவசமாக உபயோகிக்கலாம் என்று 2021 ஜனவரியில் சலுகையும் தந்தது.

உபயோகிப்பவர்கள் வரம்பு மீறியதும் உண்டு. கம்ப்யூட்டர் விழித்தெழும்போது எந்த வேலையை எப்போது தொடங்குவது என்று நிர்வகிக்கும் "சிஸ்டம்டி"யை ஏற்பதா என்று 2014-ல் டெபியனில் பெரும் போர். தொழில்நுட்பக் குழுவில் நாலுக்கு நாலு. தலைவரின் வாக்கால் சிஸ்டம்டி வென்றது. அதை ஆக்கியவர்களில் ஒருவரான லெனார்ட் போட்டெரிங், தம்மைக் கொல்ல ஆள் பிடிக்கப் பணம் திரட்டியதாகக்கூட அந்த ஆண்டு எழுதினார். ஒரு மென்பொருளுக்காகவா இவ்வளவு துவேஷம்? வெட்கக்கேடு!

தனிக் குடித்தனம்

"பிடிக்காவிட்டால் பிரிந்து போங்கள். மூல நிரல்தான் இருக்கிறதே!" என்பது செய்பவர்களின் பழைய பதில். பிரிந்தும் போனார்கள். சிஸ்டம்டி வேண்டாதவர்கள் டெவுவானைத் தொடங்கினார்கள். சென்டோஸ் போன இடத்தில் 2021-ல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. பெர்மி ஆராய்ச்சிக்கூடம் 2022-ல் அல்மாலினக்ஸைத் தேர்ந்தெடுத்தது.

ஆனால், தனிக் குடித்தனம் போக எல்லோராலும் முடியுமா? மூன்று சர்வர் வைத்திருக்கும் சின்னக் கம்பெனி ஒரு தொகுப்பையே கட்டி எழுப்ப முடியாது. அதற்கு வேண்டியது முன்னறிவிப்பு. சொன்ன தேதி மாறாது என்ற உறுதி.

மனம் இருந்தால் வழியும் உண்டு. 32-பிட் நிரல்களை இனிக் கட்டித் தருவதில்லை என்று 2019 ஜூன் 18-ல் உபுண்டு அறிவித்தது. பழைய விளையாட்டுகள் பல ஓடாது என்று கூக்குரல் எழுந்தது. ஜூன் 24-ல், தேவையானவற்றைத் தொடர்ந்து தருவோம் என்று சொல்லிவிட்டது. இறங்கி வந்ததால் உபுண்டுவின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மாற்றம் குற்றம் அல்ல. செய்பவர் கைதான் உழைக்கிறது; எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. ஆனால், தேதி குறித்துச் சொன்னது வாக்கு. அதை நம்பி ஒருவர் வீடு கட்டிய பிறகு, "இலவசம்தானே" என்று தட்டிக் கழிக்கலாமா? சென்டோஸ் 8-க்குச் சொன்ன காலத்தை நடத்திக் கொடுத்து, "அடுத்த பதிப்பிலிருந்து புது முறை" என்று அறிவித்திருந்தால் பாதிக் கோபம் எழுந்திராது.

உபயோகிப்பவரும் தம் கடமையை மறக்கக்கூடாது. வசைக்குப் பதில் பிழையைச் சுட்டிக்காட்டலாம். முடிந்தால் உழைப்பும் பணமும் தரலாம்.

மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். ஆனால், கொடுத்தவர் சொன்ன சொல்லைக் கேட்க உழவனுக்கு உரிமை உண்டு.