ஒட்டும் இடமே உயிர்நிலை

எடை குறைய வேண்டும். வலிமை கூட வேண்டும். விமானம் கட்டுவோரும் படகு கட்டுவோரும் காலமெல்லாம் வேண்டி நிற்கும் வரம் இது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பகையன்று என்று காட்டியது சாண்ட்விச் என்னும் எளிய அமைப்பாகும்.

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறியை வைப்பதுபோல, உறுதியான இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே எடை குறைந்த ஒரு பொருளை வைத்து ஒட்டுவதே இதன் தத்துவம். தகடுகள் கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ ஆனவை. நடுவில் நுரையோ, தேன்கூடு போன்ற அறைகளோ இருக்கும். ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, இடையே உள்ளடுக்கை நுழைத்து, மொத்தப் பருமனை நான்கு மடங்காக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு 37 மடங்காகிறது. எடையோ சிறிதளவே கூடுகிறது. இதில் மந்திரம் ஏதுமில்லை. விறைப்பு பருமனின் மூன்றாம் படியில் வளர்கிறது. நான்கின் மூன்றாம் படி 64, நடுவிலுள்ள மூன்று பங்கின் மூன்றாம் படி 27, கழித்தால் 37. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடல், ஒட்டுப்பலகைகளுக்கிடையே பால்சா மரம் வைத்து இம்முறையில் செய்யப்பட்டதே.

ஆனால் இந்த அமைப்பின் உயிர் தகட்டிலும் இல்லை, உள்ளடுக்கிலும் இல்லை. இரண்டும் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. ஒட்டு விட்டுப்போனால் 37 மடங்கு என்பது வெறும் ஏட்டுக் கணக்காகிவிடும்.

2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரடெரோவிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்ட ஏர்பஸ் ஏ310 விமானம் ஒன்று, நடுவானில் தன் சுக்கானின் பெரும்பகுதியை இழந்தது. கார்பன் இழைத் தகடுகளும் தேன்கூட்டு உள்ளடுக்கும் கொண்ட சுக்கான் அது. விமானிகள் திரும்பி வந்து பத்திரமாகத் தரையிறக்கினர். தகட்டின் ஒட்டு விட்டதோ, உள்ளடுக்குச் சிதைந்ததோ காரணமாயிருக்கலாம் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கருதியது. அன்று வழக்கிலிருந்த சோதனைகள் இத்தகைய குறையை உரிய காலத்தில் காட்டப் போதா என்றும் அது கூறியது. புறத்தே பளபளப்பு, அகத்தே பிளவு! தட்டிப் பார்த்தும் தெரியாத நோய் அது.

இந்நோய்க்கு மருந்தாகவே இன்று நானோப் பொருள்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே நானோமீட்டர். 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா விளக்கிக் காட்டிய கார்பன் நானோ குழாயின் விறைப்பு, எஃகைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. நுண்மையால் வரும் இன்னொரு நன்மை பரப்பு. ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! அத்தனை பரப்பிலும் பிசின் பற்றிக்கொள்கிறது. விரிசல் ஒன்று ஓட முனைந்தால், நானோத் துகள்கள் அதை மடக்குகின்றன. குழாய்கள் அதன் இரு கரைகளையும் இழுத்துப் பிடிக்கின்றன.

அப்படியானால் எங்கும் நானோவைத் தூவிவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. நானோத் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டியாகும் இயல்புடையவை. மாவைச் சரியாகக் கரைக்காவிட்டால் கட்டி தட்டுவதில்லையா? அதுபோலத்தான். மேலும் அளவு மிகுந்தால் பிசின் கெட்டிப்பட்டு, இழைகளுக்கிடையே புக மறுக்கும். காற்றுக் குமிழிகள் தங்கும். வலிமை கூட்டச் சேர்த்ததே விரிசலின் பிறப்பிடமாகிவிடும். சிறிதளவு சேர்த்தல், சீராகப் பரப்புதல், ஒட்டும் இடத்தில் சேர்த்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பயனில்லை.

விலையையும் நாம் எண்ண வேண்டும். நானோ குழாய் ஒன்றே நானோ அன்று. குஜராத்தின் கச்சுப் பகுதியில் கிடைக்கும் பென்டோனைட் களிமண்ணிலும் நானோமீட்டர் பருமனே உள்ள ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பரப்பும் வேதியியலைக் கற்றால், நம் மண்ணே நமக்குக் கருவூலம். உழைப்பவரின் உடல்நலமும் முக்கியம். நீண்ட நானோ குழாய்களுள் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் வகைப்படுத்தியது. விமானத்தின் எடையைக் குறைப்பதற்காகத் தொழிலாளியின் நுரையீரலைப் பணயம் வைப்பது அறிவியலாகுமா?

கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் இயற்பியல் ஆய்வகத்தில் குண்டூசியும் நுண்ணோக்கியும் கொண்டு, சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காண்கிறோம் அல்லவா? அந்த அளவுகோலை எடுத்துவிட்டு, இரண்டு அட்டைகளுக்கிடையே தெர்மோகோல் ஒட்டிய பட்டை ஒன்றை வைத்து எடையேற்றிப் பாருங்கள். பசையை முழுவதும் பூசிய பட்டையையும், அங்கங்கே பூசிய பட்டையையும் ஒப்பிடுங்கள். எது எங்கே முறிகிறது என்பதை உங்கள் கண்ணே சொல்லும். பதிவேட்டில் விடையை முன்கூட்டி எழுதிவிட்டு அளவுகளைப் பின்னர் நிரப்பும் பழக்கமும் அன்றோடு ஒழியட்டும்!

ஏனெனில் பொருளின் உண்மை வலிமையை அறிவிப்பது விளம்பரம் அன்று, சோதனை. நானோ என்ற பெயர் வலிமை தராது. நேர்மையாகப் பூசிய ஒட்டும், நேர்மையாக எடுத்த அளவுமே வலிமை தரும்.