போலீஸ் மைக்கை ஒட்டுக்கேட்க ஆசைப்பட்ட கதை

  இன்னிக்கும் மொக்கை போடத்தான் வந்தேன், ஆனா கொஞ்சம் சீரியஸ் மொக்கை.

போன வாரம் சாப்பிட்டு முடிச்சு வெளியே டீக்கு நின்னப்போ எங்க டீம் தம்பி ஒருத்தன் கேட்டான். "அண்ணே, நீங்க ஈசிஇ தானே? போலீஸ் ஸ்கேனர் எது வாங்கினா நல்லாருக்கும்?"

ஈசிஇ படிச்சுட்டு ஆறு வருஷமா ஜாவா தட்டிக்கிட்டு இருக்கறவன்கிட்ட கேட்கற கேள்வியா இது? ஆனா யாராவது நம்ம டிகிரியை ஞாபகம் வெச்சுக் கேட்டா ஒரு சின்ன சந்தோஷம் வரத்தானே செய்யுது. என்னடா விஷயம்னு விசாரிச்சேன். அமெரிக்காக்காரன் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஊர் போலீஸ் பேசறதை எல்லாம் கேட்கற வீடியோ பார்த்திருக்கான். அதே மாதிரி அம்பத்தூர், ஆவடி ரோந்து வண்டி எது எங்க போகுதுன்னு கேட்கணுமாம். ரிச்சி தெருவுல ஒரு கடையில விசாரிச்சும் வந்துட்டான். "எல்லாம் கேக்கும் சார், எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னாங்களாம்.

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். திட்ட முடியல. ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே ஆசையோட ராத்திரி ரெண்டு மணிக்கு விலை பார்த்துக்கிட்டு இருந்தவன்தான்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க வீடு திருமுல்லைவாயல் பக்கம். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட். 3-ம் தேதி சாயங்காலம் கிளம்பிப் போனவர். மறுநாள் காலையில கரண்ட் இல்ல, டவர் இல்ல, தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. எஸ்டேட்டே மூழ்கிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு யார் சொன்னாங்கன்னு அவருக்கே தெரியல. அம்மா எதுவும் பேசல. அடுப்படியில சும்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க.

சாயங்காலம் ஒரு போலீஸ் ஜீப் தெருமுனை வரைக்கும் வந்துச்சு. உள்ளே வர முடியாம ரிவர்ஸ் எடுத்துச்சு. அந்த ரெண்டு நிமிஷம் உள்ளே மைக் கரகரன்னு பேசிக்கிட்டே இருந்தது எனக்குக் கேட்டுச்சு. எந்த சப்வே மூடியிருக்கு, எங்க ஆள் மாட்டியிருக்கு, எந்தப் பக்கம் போகலாம், எல்லாம் அந்த ஜீப்புக்குள்ள இருக்கு. நமக்குத் தேவையான எல்லாமும் பத்தடி தூரத்துல, ஆனா நமக்கு இல்ல. அப்படித்தான் தோணுச்சு. அப்பா அடுத்த நாள் மதியம் இடுப்பளவு தண்ணில நடந்து வந்து சேர்ந்தார். வந்தவுடனே டீ கேட்டார். அவ்ளோதான்.

அதுக்கப்புறம்தான் என் ஸ்கேனர் ஆராய்ச்சி ஆரம்பிச்சது.

தொழில்நுட்பம் ரொம்பப் போட்டு அறுக்கல, பயப்படாதீங்க. ஸ்கேனர்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, அலைவரிசை ஒவ்வொண்ணா தாவித் தாவி எங்க பேச்சு வருதோ அங்க நிக்கற ஒரு ரிசீவர். அமெரிக்காவுல யூனிடன்காரன் பேர்கேட்னு பேர் வெச்சு விக்கறான். ஏழைக்கேத்த எள்ளுருண்டை ஒண்ணும் இருக்கு. கம்ப்யூட்டர்ல டிவி பார்க்கறதுக்காக வந்த ஒரு யுஎஸ்பி குச்சி, உள்ளே ரியல்டெக் சிப். அதை வெச்சு 24-லேர்ந்து சுமார் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எதையும் பிடிக்கலாம்னு 2012 வாக்குல நம்மள மாதிரி சில கிறுக்கனுங்க கண்டுபிடிச்சுட்டாங்க. மீதி வேலை எல்லாம் சாஃப்ட்வேர். நம்ம சாதிசனம்!

ஆனா ஸ்கேனர் தேர்ந்தெடுக்கறதுல முதல் கேள்வி விலை இல்ல, ஆன்டெனா இல்ல. நீ கேட்க நினைக்கறவன் எப்படிப் பேசறான்ங்கறதுதான். பழைய அனலாக்னா அலைவரிசை தெரிஞ்சா போதும். டிஜிட்டல்னா பி25, டெட்ரா, டிஎம்ஆர்னு ஒவ்வொண்ணுக்கும் தனி டிகோடிங். ட்ரங்கிங் முறைன்னா ஒரே உரையாடல் வாக்கியத்துக்கு வாக்கியம் சேனல் மாறும். இதுக்கு மேல என்கிரிப்ஷன் போட்டுட்டா, நீ லட்ச ரூபாய் டப்பா வாங்கினாலும் சத்தம்தான் கேக்கும். "எல்லாம் கேக்கும் சார்"னு சொன்ன ரிச்சி தெரு அண்ணன் இதுல எதையும் சொல்லலை பாருங்க.

அடுத்தது வண்டி நம்பர். லாஸ் ஏஞ்சலஸ்ல "1 ஆடம் 12"னா, 1-ங்கறது டிவிஷன், ஆடம்னா ரெண்டு போலீஸ் இருக்கற கார், 12-ங்கறது ரோந்து ஏரியா. கேட்டவுடனே யாரு, எங்கேன்னு தெரிஞ்சுடும். தம்பிக்கு இந்த மாதிரி ஒரு லிஸ்ட் வேணும். "டேய், அது ஸ்டேஷன் போர்டுலயே இருக்கு, அதுக்கு எதுக்குடா ஸ்கேனர்"னேன். சென்னையில ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு நம்பரும் உண்டு. நம்ம மேற்குப் பக்கம் 'டி' வரிசை. டி-1 அம்பத்தூர், டி-2 அம்பத்தூர் எஸ்டேட், டி-3 கொரட்டூர், டி-5 திருவேற்காடு, டி-6 ஆவடி, டி-12 பூந்தமல்லி. (பூந்தமல்லி ஆர்டிஓவும் டிஎன்-12. இந்த ஒத்துமைக்காகவே அந்த ஊர்க்காரங்களுக்கு மறக்காது.)

இதுல ஒரு காமெடி. தமிழ்ல டி-1னு எழுதினா அது அம்பத்தூரா, திருவல்லிக்கேணியா? ரெண்டும் டி-1தான், ஒண்ணு 20-வது எழுத்து, இன்னொண்ணு 4-வது எழுத்து. பி-1ம் அப்படித்தான், வடக்குக் கடற்கரையா புளியந்தோப்பான்னு குழம்பும். இரைச்சலான வயர்லெஸ்ல ஆங்கிலத்துல சொன்னாலும் இதே கதிதான். உலகம் பூரா டெல்டா, டேங்கோ, பிராவோ, பாப்பான்னு நீட்டி முழக்கறது ஸ்டைலுக்கு இல்ல, இதுக்குத்தான்.

இந்த எல்லை சமாச்சாரம் நம்ம பக்கம் பல தடவை மாறியிருக்கு. 2008-ல சென்னை புறநகர்னு தனி கமிஷனரேட் வந்துச்சு, 2011-ல திரும்ப சென்னையோட சேர்த்தாங்க, 2022 ஜனவரி 1-லேர்ந்து ஆவடி கமிஷனரேட். மேலே இருக்கற ஆபீஸ் மாறினாலும் நம்ம வாயில டி-1ம் டி-6ம்தான். "இது எங்க லிமிட் இல்ல"ங்கற வசனத்தைக் கேட்டவங்களுக்கு இந்த நம்பர் தெரிஞ்சிருக்கறது நல்லது. அதோட இதையும் தெரிஞ்சுக்கோங்க: 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த ஏரியாவுல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம். ஸ்கேனரை விட இது உபயோகமான தகவல்னு நினைக்கறேன்.

சரி, சட்டத்துக்கு வந்துட்டோம். 1933 வயர்லெஸ் சட்டம் அனுப்பற கருவி, கேட்கற கருவி ரெண்டையும் ஒரே கூடையிலதான் போட்டுச்சு. நம்ம தாத்தாக்கள் மர்ஃபி ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி லைசன்ஸ் வாங்கினது அதனாலதான். லைசன்ஸ் இல்லாம ரிசீவர் வெச்சிருந்தா முதல் தடவை அபராதம் 100 ரூபாய் வரைக்கும். சிரிக்காதீங்க. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தோட 42-வது பிரிவுல, செய்தியைச் சட்டவிரோதமா இடைமறிச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அல்லது ரெண்டு கோடி வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். 2024 ஜூன் 26-லேர்ந்து அமல்ல இருக்கு. தம்பி சம்பளத்துல ரெண்டு கோடிக்கு இஎம்ஐ கணக்குப் போட்டுக் காட்டினேன், மூஞ்சி செத்துப் போச்சு.

ஒட்டுக்கேட்கறது அரசாங்கத்துக்கு மட்டும் சொந்தமான்னு நீங்க கேட்கலாம். நம்ம பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துல நடந்த ராஜீவ் கொலை வழக்கையே எடுத்துக்கோங்க. சிவராசனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவுல போன வயர்லெஸ் செய்திகளை இடைமறிச்சு, சங்கேதத்தை உடைச்சு, அதை சாட்சியமா வெச்சாங்க. 1998 ஜனவரி 28-ல தீர்ப்பு வந்துச்சு. ராஜீவே லைசன்ஸ் வாங்கின ஹாம்ங்கறது பலருக்குத் தெரியாது, விடியூ2ஆர்ஜி அவரோட அழைப்புக்குறி.

நான் ஸ்கேனரைக் கைவிட்டது சட்டத்துக்குப் பயந்து இல்ல. அந்தப் புயலுக்கு நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு டீக்கடை. ஏரியா பேர் வேண்டாம். ஒரு காவலர் டீ குடிச்சுக்கிட்டு இருந்தார், இடுப்புல வாக்கிடாக்கி, வால்யூம் கொஞ்சம் கூட. அதுல ஒரு பொண்ணு பேரு வந்துச்சு. வயசு வந்துச்சு. தெரு, கதவு நம்பர், புருஷன் என்ன பண்ணினான்ங்கறதும் வந்துச்சு. அவர் உடனே வால்யூமைக் குறைச்சுட்டார், அவரைத் தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்குள்ள கடையில இருந்த எட்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சு. ஒருத்தர் "அட, நம்ம மூணாவது தெருதான்"னார். இன்னொருத்தர் சிரிச்சார். வடை போட்டுக்கிட்டு இருந்த அக்கா மட்டும் கரண்டியை வெச்சுட்டுத் திரும்பிப் பார்த்தாங்க.

ஸ்கேனர் இருந்தா நான் அந்த எட்டு பேர்ல ஒருத்தன். தினமும், வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு.

அதனால என் கட்சி இதுதான். போலீஸ் பேச்சை என்கிரிப்ட் பண்ணட்டும். நியூயார்க் போலீஸ் 2023-லேர்ந்து ஒவ்வொரு ஏரியாவா மூட ஆரம்பிச்சப்போ பத்திரிகைக்காரங்க குதிச்சாங்க, போலீஸ் தப்பு பண்ணினா யாருக்குத் தெரியும்னு. அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா அதுக்கு விலையா அந்த மூணாவது தெருப் பொண்ணு பேரைக் கொடுக்க எனக்கு மனசு வரல.

ஆனா டிசம்பர் 4 சாயங்காலம் அந்த ஜீப்புக்குள்ள இருந்த விஷயம் எனக்குக் கொடுக்கப்பட வேண்டிய விஷயம்தான். இதுல நான் இறங்கி வரமாட்டேன். செம்பரம்பாக்கத்துல 24 அடியில எத்தனை அடி தண்ணி நிக்குதுன்னு குடிநீர் வாரியம் தினமும் இணையத்துல போடுது. அதே மாதிரி எந்த சப்வே மூடியிருக்கு, எந்த ரோட்டுல போகாதீங்க, எந்த எஸ்டேட் கேட்ல படகு நிக்குதுன்னு பேரு, கதவு நம்பர் இல்லாம பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டா என்ன? டவர் செத்தா? அதுக்குத்தான் எஃப்எம் இருக்கே! பேட்டரி ரேடியோவுல கேட்டுக்கறோம். கட்டுப்பாட்டு அறையில ஏற்கனவே எழுதி வெச்சிருக்கற விஷயம்தானே, அதுல பாதியை வெளியே விடறதுதான் வேலை.

தம்பிக்கு என்ன சொன்னேன்னு கேட்கறீங்களா? ஹாம் லைசன்ஸ் பரீட்சை எழுதச் சொன்னேன். 12 வயசு முடிஞ்சா போதும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கூட வேண்டாம், ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை. 2004 டிசம்பர் 26-ல சுனாமி அடிச்சப்போ போர்ட் பிளேர்ல இருந்து வெளியுலகத்துக்குச் செய்தி கடத்தினவங்க பாரதி பிரசாத்னு ஒரு ஹாம். 2015 சென்னை வெள்ளத்துலயும் ஹாம் ஆட்கள் உழைச்சாங்க. கேட்கறது மட்டும் இல்ல, நாம பேசவும் செய்யலாம். டவர் இல்லாத ராத்திரியில அதுதானே வேணும்?

நானும் ஜெனரல் கிரேடுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லல, பாஸ் ஆனதும் சொல்லிக்கலாம். தம்பி ரெஸ்ட்ரிக்டட் போதும்னு சொன்னவன், இப்போ அவனும் மோர்ஸ் கத்துக்கறான். பேனாவை வெச்சுக்கிட்டு "டா டிட் டா டிட்"னு நாள் பூரா மேஜையைத் தட்டறான். பக்கத்து சீட் அம்மணி நேத்து மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க.