பார்த்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன்)

எனக்கொரு நண்பன் இருக்கிறான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நாள் தவறாமல் அவனைப் பார்க்கிறேன். ஆனால் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இவை ஒன்றுக்கொன்று முரணான பேச்சு என்று மாணவ நண்பர்கள் எண்ணலாம். முரணில்லை என்று காட்டுவதற்கே இதை எழுதத் துணிந்தேன்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. இந்த ஆண்டு மலர் அவன் பார்வைக்கும் போகும், சண்டைக்கு வருவான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இருவரும் ஒரே பெஞ்சு. கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். தொகையீட்டுக் கணக்குகளை எனக்குப் புரிய வைத்தவனே அவன்தான். 2023-இல் பிளஸ் டூ முடித்தபோது இருவர் வீட்டிலும் பணமில்லை. என் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவனுக்கு அப்பாவே இல்லை. அக்காள் கலியாணத்துக்கு வாங்கிய கடன் மட்டும் இருந்தது. நான் கிரிவலப் பாதையில் ஒரு கடையில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு 2024-இல் இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவனோ கட்டட வேலைக்குப் பயிற்சி எடுத்து, தேர்வும் எழுதி, ஏஜெண்டுக்குக் கொடுக்க மேலும் கடன் வாங்கி, 2023 தீபாவளிக்கு முன்பே விமானம் ஏறிவிட்டான். இயற்பியல் படித்திருக்க வேண்டியவன் அவன். அவனுக்குரிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேனோ என்ற எண்ணம் ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

போன மறுவாரமே படம் வர ஆரம்பித்துவிட்டது. கைப்பேசியில் ஸ்டேட்டஸ் என்று வைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். இருபத்துநான்கு மணி நேரம் இருந்துவிட்டு மறைந்து போகும் படம். மூன்று கோபுரங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்தாற்போல் நிற்கும் மெரினா பே கட்டடத்தின் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றான். ‘நம்ம ராஜகோபுரத்தைவிட உசரம்டா’ என்று கீழே எழுதியிருந்தான். 217 அடிக்கு மேல் ஒரு கோபுரத்தை நாங்கள் கனவிலும் கண்டதில்லை! பிறகு வாயிலிருந்து நீரைப் பீய்ச்சும் சிங்கத் தலை மீன்சிலை. பிறகு செரங்கூன் சாலையின் தீபாவளி விளக்குகள். பிறகு தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு. நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் இதயக் குறி போடுவேன். என் கடமை முடிந்தது.

ஒருநாள் என் அப்பாவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்தவர் அவர். கைப்பேசியைச் சற்றே எட்டப் பிடித்துப் பார்த்தார். “கட்டடம் எல்லாம் நல்லாத்தான் கீது. இவன் எங்க தூங்குறான்?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை நாற்பது ஐம்பது படமாவது பார்த்திருப்பேன். ஒன்றிலும் படுக்கை இல்லை, சமையற்கட்டு இல்லை, வேலைத்தளம் இல்லை. சிங்கப்பூரில் கட்டடத் தொழிலாளரை லாரியின் பின்தட்டில் உட்கார வைத்து ஏற்றிச் செல்வது இன்றும் அனுமதிக்கப்பட்ட வழக்கம். அதை நிறுத்தவேண்டும் என்று அந்நாட்டவர்களே நெடுநாளாகக் குரல் கொடுத்து வருகின்றனர். அந்த லாரியும் படத்தில் இல்லை. 2020-இல் கொரோனாத் தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த விடுதிகளுக்குள்ளேயே பல மாதங்கள் இருக்க நேர்ந்தது. ஓர் அறைக்குள் அடுக்கடுக்காகக் கட்டில் கிடப்பதை உலகம் உற்றுப் பார்த்தது அப்போதுதான். நோய் வந்தால்தான் படம் வெளியே வரும் போலிருக்கிறது.

திரையில் பிடிக்கக் கூடியது மெய்ப் பிம்பம், பிடிக்க முடியாதது மாயப் பிம்பம் என்று நம் ஒளியியல் பாடம் கூறுகிறது. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். கைப்பேசித் திரைக்கு இந்த இலக்கணம் பொருந்தவில்லை.

நண்பனின் தாயார் மலையடியில், வ.உ.சி. நகருக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே, “கண்ணு, புள்ள படம் போட்டிருக்கானா?” என்று கேட்டுக்கொண்டு என்னைத் தேடி வருவார். சில நொடிகளில் படம் தானாகவே ஓடிவிடும். விரலால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். அந்த வித்தையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மகன் முகத்தின் மேல் கட்டைவிரல் படாமல் ஓரத்தில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். மற்றவர்கள் எல்லாம் கட்டடத்தைப் பார்க்க, அவர் மட்டும் கழுத்தைப் பார்ப்பார். “இளைச்சிட்டான்” என்பார். “இல்ல அத்தை, படத்துல அப்படித் தெரியும்” என்று சமாதானம் சொல்வேன். என்ன அறிவு எனக்கு!

ஊரார் வேறொன்றைப் பார்த்தார்கள். பையன் சிங்கப்பூரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறான் என்றதும் அந்தத் தாயாரிடம் கைமாற்றுக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்க ஏது? இல்லை என்றதற்கு, ‘பணம் வந்ததும் குணம் மாறிப் போச்சு’ என்ற பேச்சு. என் சித்தப்பா மகனும் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுச் சிங்கப்பூர் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போவது தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவன் பார்த்ததும் அந்த நாற்பது படங்களைத்தான்.

2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. நண்பன் செரங்கூன் சாலை விளக்குகளின் படம் ஒன்றை வைத்திருந்தான். எங்கேயோ பார்த்த சட்டையாக இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. இதயக் குறி போட்டுவிட்டுப் பட்டாசு வாங்கப் போய்விட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊரில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலை முழுவதும் வெள்ளிக் கம்பிகளைப் போல நீர் வழிந்தது. மழைக்கு நடுவே மாடியில் ஏறி ஒரு படம் எடுத்து, ‘நம்ம ஊரு குற்றாலம்’ என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தேன். எழுபது பேருக்கு மேல் பார்த்தார்கள். நண்பனும் பார்த்து, ‘சூப்பர்டா’ என்று போட்டிருந்தான்.

அன்று மாலை மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் புதையுண்டு மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். நான் அழகென்று படம் பிடித்த அதே நீர்தான் அது.

செய்தி கேட்டதும் நண்பன் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. மலையடியில் இருந்தவர்களை அப்புறப்படுத்திப் பாதுகாப்பான இடங்களில் தங்க வைத்திருந்தார்கள். இருட்டில் இரண்டு இடம் அலைந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தாயாரைக் கண்டுபிடித்தேன். போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நலமாக இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பின்பு எனக்கு நிம்மதியாகப் போயிற்று. என் கைப்பேசியில் சார்ஜ் இல்லை, ஊரில் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்து உறங்கிவிட்டேன்.

இங்கேதான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லை என்பது சாக்கு. அப்பள்ளிக்கூடத்தில் போன் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரிடம் கேட்டு வாங்கி, ‘உன் அம்மா பத்திரம்’ என்ற மூன்று சொற்களைச் சொல்லியிருக்கலாம். அவன் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் அது எனக்குத் தோன்றவே இல்லை! தினமும் அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன் என்ற பழக்கத்தில், சொல்வது என்று ஒரு காரியம் இருப்பதே மறந்து போய்விட்டது.

மறுநாள் காலை கைப்பேசிக்கு உயிர் வந்ததும் பார்த்தால், இருபத்துமூன்று முறை அழைத்திருக்கிறான். உடனே பேசினேன். தாயார் நலம் என்றதும் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்: “ராத்திரி பூரா உன் படத்தையேதான்டா பார்த்துக்கினு இருந்தேன். தண்ணி எந்தப் பக்கமா எறங்குதுன்னு பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். எங்க வீடு தெரியல.”

நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, “காலையில வேலைக்குப் போகணுமேடா, தூங்காம எப்படிப் போவே?” என்றேன்.

“வேலைக்கு எங்க போறேன்? கால்ல கம்பி விழுந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. ரூம்லதான் கெடக்கேன்.”

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு நடந்ததாம். தாயாருக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று முந்தைய ஆண்டுப் படத்தை எடுத்து வைத்திருக்கிறான். அந்தச் சட்டையை நான் 2023-லேயே பார்த்திருக்கிறேன்! கட்டுப் போட்ட காலோடு அறையில் கிடந்தவனுக்கு நான் இதயக் குறி போட்டிருக்கிறேன். “ஏன்டா என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். “நீ கேக்கலியேடா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

பிசிராந்தையார் கதையை நாம் அனைவரும் தமிழ்ப் பாடத்தில் படித்தவர்கள். சோழன் இருந்தது உறையூரில். புலவர் இருந்தது பாண்டிய நாட்டுப் பிசிரில். இருவரும் நேரில் கண்டவர் அல்லர். பெற்ற மக்களே பகையாக, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையாருக்கும் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். நான் செல்வமாய் இருந்த நாளில் வராவிட்டாலும் துன்பம் வந்த நாளில் வராமல் இருக்கமாட்டான் என்ற கருத்தில் அரசன் விடை சொன்னதாகப் புறநானூற்றுப் பாட்டு ஒன்று இருக்கிறது. அவ்வாறே அவரும் வந்து உடனிருந்து உயிர் துறந்தார். பொத்தியார் வியந்து பாடினார். காணாமலே நட்பு வளரும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். தேர்வில் நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது எனக்கு வேறொன்று படுகிறது. நாம் வைக்கும் படங்கள் அனைத்தும் செல்வக் காலத்துப் படங்கள். துன்பக் காலத்துக்குப் படம் கிடையாது. ஒரு படமும் பார்க்காத புலவருக்கு நண்பனின் துன்பம் தெரிந்தது. நாளும் பார்த்த எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டோம் என்ற நிறைவே, கேட்கவேண்டும் என்ற நினைப்பைத் தின்றுவிடுகிறது என்பது என் கட்சி.

அந்தக் காலத்துக் கடிதமே மேல் என்று மூத்தோர் சிலர் சொல்லக்கூடும். நம் பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்த டாக்டர் மு.வ. ‘நண்பர்க்கு’ என்று கடிதங்களாலேயே ஒரு நூல் செய்தார். ஆயினும் கடிதத்தை நான் கோயிலில் வைத்துக் கும்பிடத் தயாராக இல்லை. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிப் பொய்யை மறைக்க இன்லேண்டு லெட்டரிலும் இடம் இருந்தது. அக்காலத்தில் அரபு நாடு போனவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்களாம். அழுகை வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மீண்டும் பேசியிருக்க மாட்டார்களா என்ன? மறைப்பது மனித இயல்பு. ஆனால் கடிதத்தில் ஒன்று இருந்தது. அது ஒருவனுக்கு வந்தது; பதிலைக் கேட்டது. பதில் போடாவிட்டால் குற்றம் உறுத்தியது. ஸ்டேட்டஸ் எழுபது பேருக்கு வருகிறது. எழுபது பேரில் எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

படமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. படம் இல்லாவிட்டால் அந்தத் தாயார் மகன் கழுத்தைப் பார்ப்பது எப்படி? நம் வகுப்புகளில் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் மலேயாவுக்கும் நண்பர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்கள் வைக்கும் படத்தில் எது இல்லையோ அதைக் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? பக்கத்துக் கட்டிலில் யார்? கை கால் எப்படி இருக்கிறது? முதலில் எரிச்சல் படுவார்கள். என் நண்பனும், ‘இன்னாடா போலீஸ் மாதிரி கேக்குற’ என்றான். இப்போது ஞாயிறுதோறும் பேசுகிறோம். கால் ஆறிவிட்டது, படியேறினால் வலிக்கிறதாம். கடனில் பாதிக்கு மேல் அடைந்திருக்கிறது. சில வாரம் பேச ஒன்றுமே இருக்காது. என் செய்முறைத் தேர்வுக் கணக்கைச் சொல்வேன், அவன் இன்னும் சரியாகவே போடுகிறான்.

2025 டிசம்பர் 3-ஆம் நாள் கார்த்திகை தீபம். மலைத் தீபத்தை ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அவனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, ‘அதை எல்லாரும் அனுப்புவாங்க. எங்க அம்மா வாசல்ல வெச்ச விளக்கை எடுத்து அனுப்பு. பின்னாடி செவுரும் தெரியணும். மழையில ஊறியிருக்கான்னு பார்க்கணும்’ என்றான். மலையில் தீபம் ஏறியதும் தாயார் ஏற்றிய ஐந்து அகல்களையும், ஈரம் பாய்ந்த சுவரையும், கதவோரம் கிடந்த துடைப்பத்தையும் சேர்த்தே எடுத்து அனுப்பினேன். இரவு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஸ்டேட்டஸில் வைத்தது அல்ல, எனக்கு மட்டும் அனுப்பியது. இரும்பில் செய்த அடுக்குக் கட்டில், கம்பியில் உலரும் துண்டு, கீழே மண் ஒட்டிய பூட்ஸ். அவன் அதில் இல்லை.

அப்பாவிடம் காட்டினேன். எட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “மேல் கட்டில்ல படுக்குறானா, கீழயா?” என்று கேட்டார். கால் வலிக்காரன் மேலே ஏறினால் சிரமம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.