அந்த நால்வரும் உயிரோடுதான் இருந்தார்கள்

கல்லூரி இரண்டாம் ஆண்டில், விடுதி அறையில் பன்னிரண்டு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ பார்த்தோம். அரசு கொடுத்த இலவச லேப்டாப். சீனியர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். “அம்பது நாட்டுல தடை பண்ண படம்டா. நெஜமாவே ஆளைக் கொன்னு எடுத்தது” என்று அவர் சொன்னது ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பாதியில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மறுநாள் காலை மெஸ்ஸில், கல்வராயன் மலையிலிருந்து வந்து எங்களோடு படித்த நண்பனை ஒருவன் “டேய் யாகுமோ” என்று கூப்பிட்டான். யாகுமோ, அந்தப் படத்தில் வரும் ஒரு பழங்குடியின் பெயர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். கல்லூரி முடியும்வரை அவனுக்கு அதுதான் பெயர்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி, கட்டாயம் பார்க்க வேண்டிய ஹாரர் படங்கள் என்று ஒரு பட்டியலை அனுப்பியிருந்தார். அதில் இந்தப் படம் மூன்றாவதாக இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: “காலனிய எதிர்ப்புப் படம் அண்ணா. வெள்ளைக்காரன்தான் உண்மையான காட்டுமிராண்டின்னு சொல்லுது.” நானும் பல வருடங்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று தம்பிக்கு எழுதத் தொடங்கியது இந்தக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

முதலில் இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1962இல் இத்தாலியில் ‘மோண்டோ கானே’ என்ற படம் வந்தது. உலகம் முழுக்க உள்ள ‘விசித்திரப் பழக்கங்களை’ ஆவணப்படம் என்ற பெயரில் தொகுத்துக் காட்டியது. அதில் பல காட்சிகள் ஜோடிக்கப்பட்டவை. ஆனாலும் படம் வசூலை அள்ளியது. அதே பாணியில் வரிசையாகப் படங்கள் வந்தன. பத்து வருடம் கழித்து, 1972இல், உம்பெர்ட்டோ லென்சி தாய்லாந்துக் காட்டில் ஒரு கதைப்படம் எடுத்தார். வெள்ளைக்காரன் ஒருவன் பழங்குடியினரிடம் சிக்கிக்கொள்ளும் கதை. நரமாமிசப் படங்கள் என்ற வகை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1977இல் ருஜ்ஜெரோ தியோடாட்டோ மலேசியாவில் படம்பிடித்து, பிலிப்பைன்ஸ் என்று சொன்னார். 1978இல் செர்ஜியோ மார்த்தினோ, உர்சுலா ஆண்ட்ரெஸை வைத்து இலங்கையில் படம்பிடித்து, நியூ கினியா என்று சொன்னார். 1980இல் லென்சியும் இலங்கைக்கே வந்து, அதே நியூ கினியாவை எடுத்தார்.

தாய்லாந்து, மலேசியா, இலங்கை. எந்த நாடானாலும் பரவாயில்லை. கறுத்த தோல் வேண்டும், குறைந்த கூலி வேண்டும், காடு வேண்டும். இலங்கையின் ஒரு கிராமத்து மனிதர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நின்றால், ரோம் நகரத்துத் திரையரங்கில் அவர் நியூ கினியாவின் மனிதக்கறி தின்னி. யாரும் சந்தேகப்படவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்தப் படங்களில் ஒரு ஈர்ப்பு இருக்கிறது. அதை நானே உணர்ந்திருக்கிறேன். நம்மால் எதுவரை தாங்க முடியும் என்று சோதித்துப் பார்க்கும் ஆசை ஒன்று. தடை செய்யப்பட்டது என்ற சொல்லின் ருசி ஒன்று. ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டில் ரிஸ் ஓர்த்தோலானியின் இசை, தாலாட்டு மாதிரி மிருதுவாக ஓடும், திரையில் குடல் சரியும். அந்த முரண் மண்டைக்குள் நாள்கணக்கில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இது நிஜமா?’ என்ற கேள்வி. காணாமல்போன படக்குழுவின் கேமராவில் கிடைத்த படச்சுருள் என்ற அந்த உத்தியைத்தான் 1999இல் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ எடுத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றது.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. ஆணவத்தோடு காட்டுக்குள் நுழையும் வெள்ளைக்காரர்கள் கடைசியில் வெட்டுப்பட்டுச் சாகிறார்கள். எங்கள் அறையில் அந்த இடத்தில் விசில் பறந்தது. ஆண்டாண்டு காலமாக மிதிபட்டவர்கள் திருப்பி அடிப்பதைப் பார்க்கும் சந்தோஷம். இந்தச் சந்தோஷத்தைத்தான் நான் அரசியல் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தின் கதையும் அதற்கு இடம் கொடுக்கிறது. அமேசான் காட்டுக்குப் போன நான்கு ஆவணப்படக்காரர்கள் திரும்பவில்லை. ஒரு பேராசிரியர் தேடிப்போய் அவர்களுடைய படச்சுருளை மீட்டு வருகிறார். அதைப் போட்டுப் பார்த்தால், அந்த நால்வர்தான் குடிசைகளுக்குத் தீ வைக்கிறார்கள், பெண்ணைச் சீரழிக்கிறார்கள், எல்லாவற்றையும் ‘பரபரப்பான’ படமாக எடுக்கிறார்கள். உண்மையில் மனிதக்கறி தின்பவர்கள் யார் என்று பேராசிரியர் தன்னையே கேட்டுக்கொள்வதோடு படம் முடிகிறது. அக்காலத்து இத்தாலியத் தொலைக்காட்சிகள் சிவப்புப் பிரிகேடுகளின் வன்முறையை வியாபாரமாக்கிய விதத்தைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது என்று தியோடாட்டோ பின்னாளில் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் இது ஐரோப்பியர்கள் தங்கள் ஊடகங்களோடு போட்டுக்கொண்ட சண்டை. அந்தச் சண்டைக்குக் கொலம்பியாவின் லெத்திசியா பக்கத்துக் காட்டில் மேடை போட்டார்கள். அங்கிருந்த பழங்குடி மக்களை அந்த மேடையின் திரைச்சீலையாக நிறுத்தினார்கள்.

இனி அந்தப் புகழ்பெற்ற வழக்குக்கு வருவோம். 1980 பிப்ரவரியில் மிலானில் படம் வெளியானது. சில நாட்களிலேயே பறிமுதல் செய்தார்கள். ஆபாச வழக்காகத் தொடங்கியது, நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார்களோ என்ற சந்தேகமாக வளர்ந்தது. படம் நிஜம் என்று நம்ப வைப்பதற்காக, ஒரு வருடம் எங்கும் தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களிடம் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கடைசியில் இயக்குநர் அவர்களைத் தேடிப்பிடித்து, உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டியதாயிற்று. கழுவேற்றப்பட்ட பெண்ணின் காட்சியை, இரும்புக் கம்பியில் பொருத்திய சைக்கிள் சீட்டில் உட்காரவைத்து, வாயில் ஒரு மரக்குச்சியைப் பிடிக்கவைத்து எடுத்ததாக விளக்கினார். கொலைச் சந்தேகம் தீர்ந்தது. ஹாரர் ரசிகர்கள் இன்றும் சிரித்தபடி சொல்லும் கதை இது. நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் படத்தில் நிஜச் சாவுகள் இருக்கின்றன. மிருகங்களைச் சொல்லலாம்: ஆமை, பன்றி, குரங்கு என்று கேமரா முன்னால் உண்மையாகவே கொன்றார்கள். குரங்கைக் கொல்லும் காட்சியை இரண்டு முறை எடுத்ததால் இரண்டு குரங்குகள். இது பலருக்கும் தெரியும். பலரும் கவனிக்காத ஒன்று, படத்தின் நடுவே வரும் ஒரு துண்டுப்படம். அந்த நால்வர் முன்பு எடுத்ததாகச் சொல்லி, கைதிகளை வரிசையாகச் சுட்டுக்கொல்லும் காட்சிகளைப் போடுகிறார்கள். இவை எல்லாம் அவர்கள் காசு கொடுத்து நடிக்கவைத்தவை என்று ஒரு கதாபாத்திரம் பேராசிரியரிடம் சொல்கிறது.

அவை நடிப்பல்ல. நைஜீரியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நடந்த மரண தண்டனைகளின் செய்திப் படச்சுருள்கள். அங்கே விழுபவர்கள் உண்மையிலேயே செத்தவர்கள்.

இதை அறிந்த அன்று என் விசில் நின்றுபோனது. பொய்யாகச் செத்த நான்கு பேரைப் பற்றி ஒரு நாட்டின் நீதித்துறையே பதறியது. நிஜமாகச் செத்த கறுப்பின, ஆசிய மனிதர்களின் சாவை அதே படம் ‘இது ஜோடனை’ என்று சொல்லி ஓட்டியது. அவர்கள் யார், அவர்களுடைய பெயர் என்ன என்று கேட்டு யாரும் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. சைக்கிள் சீட்டு ரகசியம் தெரிந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு அதில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் தெரியும்? எனக்குத் தெரியாது. எரியும் குடிசைக்குள் நிறுத்தப்பட்ட பழங்குடித் துணை நடிகர்களுக்கு ஒழுங்காகக் கூலிகூடக் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றுவரை இந்தப் படத்தின் மீது இருக்கிறது.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்தப் படம் தன் ‘மனிதக்கறி தின்னிகளுக்கு’ யானோமாமோ என்று பெயர் வைத்தது. அது கற்பனைப் பெயரல்ல. லெத்திசியாவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பிரேசில்–வெனிசுவேலா எல்லைக் காடுகளில் வாழும் உண்மையான மக்களின் பெயர். அவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. இறந்தவரை எரித்து, எலும்புச் சாம்பலை வாழைப்பழக் கூழில் கலந்து உறவினர்கள் குடிப்பார்கள். செத்தவரைத் தனியே விட்டுவிடக் கூடாது என்ற துக்கம் அது. நியூ கினியாவின் ஃபோரே மக்களிடமும் இறந்த உறவினரை உண்ணும் ஈமச்சடங்கு இருந்தது. இந்தத் துக்கங்களைத் திருப்பிப் போட்டு வேட்டையாக்கியது சினிமா.

அந்தப் படம் வந்த அதே பத்தாண்டில் யானோமாமி மக்களின் காட்டுக்குள் பல்லாயிரம் தங்கச் சுரங்கக்காரர்கள் புகுந்தார்கள். மலேரியா வந்தது, ஆற்றில் பாதரசம் கலந்தது. 1992இல் பிரேசில் அந்த நிலத்தை அவர்களுடையது என எல்லை வகுத்துக் கொடுத்தது. மறு வருடமே ஹாஷிமு என்ற ஊரைச் சேர்ந்த 16 பேரைச் சுரங்கக்காரர்கள் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில், பட்டினியாலும் நோயாலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்ததால் அங்கே சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. யானோமாமி மக்களின் தலைவர் தாவி கோபெனாவா, அந்தச் சுரங்கக்காரர்களை மண்ணைத் தின்பவர்கள் என்கிறார். தின்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த மக்களிடமே பதில் இருக்கிறது. நாம் இத்தாலியப் படத்தின் பேராசிரியர் பாத்திரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு சினிமாவால் சுரங்கக்காரன் வந்தான் என்று நான் சொல்லவில்லை. ‘இவன் மனிதனைத் தின்பவன்’ என்ற பேச்சு எப்போதும் யாருக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேனிபல் என்ற சொல்லே, 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் காதில் வாங்கிய ஒரு மக்களின் பெயரிலிருந்து வந்தது. 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா, மனிதக்கறி தின்னும் கரீப்களைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அதன் பிறகு, ஒருவரை விற்க வேண்டுமானால் அவர் மனிதக்கறி தின்னி என்று சொன்னால் போதும். இதே காலத்து ஐரோப்பாவில், எகிப்திய மம்மியைப் பொடியாக்கி மருந்துக்கடைகளில் விற்றார்கள். சீமான்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களை யாரும் நரமாமிசம் தின்னிகள் என்று அழைக்கவில்லை.

1979இல் வில்லியம் ஆரென்ஸ் என்ற மானுடவியலாளர், நரமாமிசக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமே இல்லை என்று ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய வாதத்தில் மிகை உண்டு என்று மறுத்தவர்களும் உண்டு. அடுத்த இரண்டு வருடத்தில் லென்சியின் ‘கேனிபல் ஃபெராக்ஸ்’ வந்தது. அதன் நாயகி, நரமாமிசம் என்பது காலனியவாதிகள் கட்டிய பொய் என்று நிறுவ அமேசானுக்குப் போகும் ஆய்வு மாணவி. அவள் கண்ணெதிரே அவளுடைய நண்பர்களைத் தின்கிறார்கள். காலனியம் கட்டிய கதையைக் கேள்வி கேட்ட பெண்ணை, அந்தக் கதையை வைத்தே தண்டிக்கும் படம் அது. நாங்கள் அதையும் பார்த்தோம். விசிலும் அடித்தோம்.

தின்பதை வைத்து மனிதரை அளக்கும் வேலை எனக்குப் புதிதல்ல. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாட்டுக்கறி வறுவலை விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு தின்றவன் நான். வாசனை வெளியே போனால் என்ன பேச்சு வரும் என்று தெரியும். எங்கள் தெருவையே தின்பதை வைத்து ஒதுக்கியவர்களைத் தெரியும். அதே நான், ஒரு மலைக்காரப் பையனை யாகுமோ என்று கூப்பிட்டபோது சிரித்தேன். மேலிருந்து வரும் பார்வையை நமக்குக் கீழே ஒருவன் கிடைத்தவுடன் நாமும் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். அதற்கு இரண்டு மணி நேரப் படம் ஒன்று போதுமாக இருந்தது.

தடை செய்யச் சொல்கிறேனா என்றால், இல்லை. 1980களில் பிரிட்டன் இந்தப் படங்களையெல்லாம் பட்டியல் போட்டு ஒடுக்கப் பார்த்தது. அந்தப் பட்டியலே விளம்பரமாயிற்று. பாருங்கள். ஆனால் ‘வெள்ளைக்காரனைத் திட்டும் படம்’ என்ற ஒரே காரணத்துக்காக அதற்குக் காலனிய எதிர்ப்புச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். ஒரு படத்தில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் நம்மிடம் நேராகப் பேசுகிறார், யாருடைய சாவுக்குக் கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். பட்டியல் போடும்போது யானோமாமி மக்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன், என் போனில் அந்த நண்பனின் எண் இன்னமும் ‘யாகுமோ’ என்றுதான் பதிவாகியிருந்தது. கூப்பிட்டேன். இப்போது ஊர்ப்பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“நான் அந்தப் படத்தைப் பாக்கவே இல்லடா. அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலைல வந்து எறங்குறேன், எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிச் சிரிக்கிறீங்க. என்னன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு, நானும் சிரிச்சேன்.”

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுடா” என்றான். போனில் பெயரை மாற்றிவிட்டேன். நானும் அவனோடு சேர்ந்து சிரித்ததாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.